வேலிக்கு இந்தப் பக்கம் ஹங்கேரி

எழுபத்தெட்டாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவில், ஈப்போவில் நாங்கள் போகும் மாதா கோயிலின் அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டுத்தாள் குத்தியிருந்தது. ஹங்கேரி மக்களின் வரலாறு எழுதப்படுகிறது, தட்டச்சு தெரிந்தவர் தேவை என்று ஆங்கிலத்தில் கையால் எழுதியிருந்தார்கள். ஹங்கேரி என்றொரு நாடு இருப்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. 'ஹங்ரி' என்பதில் யாரோ அவசரத்தில் எழுத்தைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள், பசித்த மக்களின் வரலாறு போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். பசியைப் பற்றி என்றால் எனக்கும் சொல்லக் கொஞ்சம் உண்டு என்று தாளைக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தவள், இரண்டாவது குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டேன். அலுவலகத்துக்கு மின்சாரத் தட்டச்சுப்பொறி வந்தபோது பழையதை என் தலையில் கட்டினார்கள். அது என் இரண்டு குழந்தைகளையும் சேர்த்துத் தூக்கினால் வரும் கனம். என் வீட்டுக்காரர் சிம்பாங் பூலாயில் சுண்ணாம்புக்கல் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் மறுநாள் காலை என்னையும் பொறியையும் லோரியில் ஏற்றிக்கொண்டுபோய் தாளிலிருந்த முகவரியில் இறக்கிவிட்டார்.

"யாரு வீடும்மா இது?"

"வரலாறு எழுதுறவங்க வீடு."

"வரலாறா? பாத்து லா. அடிச்சு முடிக்குறதுக்குள்ள அடுத்த சண்ட வந்துரும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பழைய ஈயச் சுரங்கக் கம்பெனியின் வீடுகள் அவை. இரட்டை இரட்டையாக, நடுவில் செம்பருத்தி வேலி போட்டு, அரை மரமும் அரைச் செங்கல்லுமாகக் கட்டியவை. கதவைத் திறந்தது ஒரு சீன அம்மா. நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வா தங்கச்சி, மெசின நீயேவா தூக்கிட்டு வந்தே? இப்படி வை. மொதல்ல தண்ணி குடி லா."

தோட்டத்துத் தமிழ். என்னுடையதைவிடச் சுத்தமான தோட்டத்துத் தமிழ். அவருடைய அப்பா பாகான் செராய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து முச்சந்தியில் மளிகைக்கடை வைத்திருந்தாராம். கடைக்கு வந்த பால்வெட்டுக்காரப் பெண்களிடம் பேசிப் பேசியே வளர்ந்தவர். அன்றிலிருந்து எனக்கு அவர் அக்கா.

அக்காவின் கணவர்தான் ஹங்கேரிக்காரர். குளத்தில் மிதந்தபடி மண்ணைத் தோண்டும் ஈயக் கப்பலில் எஞ்சினியராக இருந்தவர். ஐம்பத்தாறில் அவர்கள் நாட்டில் நடந்த கிளர்ச்சி ரஷ்ய டாங்கிகளுக்கு அடியில் நசுங்கியபோது எல்லையைத் தாண்டி ஓடி, முகாம் முகாமாக இருந்து, எப்படியோ கிந்தா பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தவர். ஆறடி உயரம், தொங்கும் மீசை, இடி போன்ற குரல். எழுபத்தெட்டின் தொடக்கத்தில்தான் அவர்கள் நாட்டு ராஜாக்களின் பழைய கிரீடத்தை, யுத்தத்தின் முடிவிலிருந்து அமெரிக்காக்காரர்கள் பூட்டி வைத்திருந்ததை, அங்கே ஆட்சியிலிருந்த கம்யூனிஸ்டுகளிடமே திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தவர், நாலாவது நாள் வரலாறு எழுத உட்கார்ந்தாராம்.

"ஆயிரம் வருசமா அடி வாங்குன கதைய எழுதப் போறாரு," என்றார் அக்கா. "எழுதட்டும். சும்மா இருக்க முடியாம கோழிக்கூண்டுக்கு இவரு பச்ச சாயம் அடிச்சு அடிச்சு எனக்குக் கண்ணே கூசுது."

எஞ்சினியர் எழுதமாட்டார். அறைக்குள் நடந்துகொண்டே சொல்வார், நான் அடிக்க வேண்டும். அவர் பேசியது ஆங்கிலம்தான், ஆனால் அதற்குள் வேறொரு மொழி பூட்ஸ் போட்டுக்கொண்டு நடப்பது கேட்கும். இங்கே நான் எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் ஏழு குடிகள் குதிரையில் கிழக்கிலிருந்து புறப்பட்டன. இரண்டாம் நாள் மலையைத் தாண்டி இறங்கின. மூன்றாம் நாள் அந்தச் சமவெளியில் ஏற்கெனவே ஆள் இருப்பது தெரியவந்தது. ஸ்லாவ் ராஜா ஒருவர். ஹங்கேரியர்கள் அவருக்குத் தங்கச் சேணம் போட்ட ஒரு வெள்ளைக் குதிரையை அனுப்பி, பதிலுக்கு ஒரு பிடி மண், ஒரு கைப்பிடிப் புல், ஒரு குடுவை ஆற்றுத் தண்ணீர் மட்டும் கேட்டார்களாம். அந்த ராஜா சிரித்துக்கொண்டே கொடுத்தாராம்.

"மண், புல், தண்ணீர்," என்று எஞ்சினியர் ஒவ்வொரு விரலாக மடக்கினார். "நாட்டையே விற்றுவிட்டார். வாங்கியாகிவிட்டது. இனி வெளியேற வேண்டியதுதானே?"

நான் அடிப்பதை நிறுத்தினேன். நான் பிறந்த ரப்பர் தோட்டமும் இப்படித்தான் துண்டு துண்டாகக் கைமாறியது. ஒரு நாள் காலையில் புதுச் சொந்தக்காரர் ஜீப்பில் வந்து இறங்கும்வரை நாங்கள் விற்கப்பட்டது எங்களுக்கே தெரியாது. எங்களுக்கு யாரும் குதிரை காட்டவில்லை.

"சார், விக்கிறோம்னு அந்த ராஜாவுக்குத் தெரியுமா?"

"அது முக்கியமில்லை. அடி."

அப்போது ஜன்னலுக்கு வெளியே, செம்பருத்தி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "ஃபிராடு! பச்சை ஃபிராடு! அதையும் எழுதச் சொல்!"

எஞ்சினியர் ஜன்னலைச் சாத்தினார். ஈப்போ வெயிலில் ஜன்னலைச் சாத்துகிறவரின் கோபம் எப்படிப்பட்டது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டில் இருந்தவர் ஒரு ஸ்லோவாக்கியர். யுத்தத்துக்கு முன்னாலேயே, ஒரு காலணிக் கம்பெனிக்குச் சப்பாத்துக் கடை திறக்க வந்த இளைஞர்களில் ஒருவராக மலாயாவுக்குக் கப்பலேறியவர். ஜப்பான்காரன் காலத்தில் மரச்செருப்பு செதுக்கி உயிர் பிழைத்தார். யுத்தம் முடிந்து ஊர் திரும்பலாம் என்று பெட்டி கட்டும்போது அங்கே கம்யூனிஸ்டுகள் வந்துவிட்டார்கள். பெட்டியை அவிழ்த்துவிட்டு ஈப்போவிலேயே தங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எழுபது வயது, ஒல்லி, குள்ளம். யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பார், பிறகுதான் முகம்.

இவர்கள் இருவரும் பதினோரு வருடமாக அடுத்தடுத்த வீடு. அறிமுகமான அன்றே கெட்டுப்போனதாம். எஞ்சினியர் தன் ஊர் பெயரைப் போஜோனி என்று சொல்லியிருக்கிறார். அப்படி ஓர் ஊரே உலகத்தில் கிடையாது, அதன் பெயர் பிராட்டிஸ்லாவா, நான் அதற்கு ஆறு மைல் தள்ளிப் பிறந்தவன் என்று இவர் சொல்லியிருக்கிறார். அதோடு சரி. மாதா கோயிலில் ஒருவர் வலப்பக்கம், ஒருவர் இடப்பக்கம். திட்டுவதற்கு மட்டும் வேலியோரம் சந்திப்பார்கள், அதுவும் ஆங்கிலத்தில். இரண்டு பேருக்குமே ஆங்கிலத்தில் நல்ல கெட்ட வார்த்தை தெரியாததால் அந்தச் சண்டைகளில் சுரத்தே இருக்காது என்று அக்கா வருத்தப்படுவார்.

அந்த வாரக் கடைசியில் சப்பாத்துக்காரர் என்னைக் கேட் அருகில் நிறுத்தினார். என் காலைப் பார்த்து, "ஐந்தரை. ஆனால் ஆறு போட்டிருக்கிறாய். தப்பு," என்றார். பிறகு முகத்தைப் பார்த்தார். "அவன் திங்கள், புதன், வெள்ளி. எனக்குச் செவ்வாயும் வியாழனும் வா. திருத்தங்கள் அடிக்க வேண்டும்."

இப்படித்தான் ஒரே வரலாற்றை வாரத்துக்கு ஐந்து நாள், இரண்டு வீட்டில், ஒரே பொறியில் அடிக்க ஆரம்பித்தேன். வேலியில் நாய் நுழைகிற மாதிரி ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியாகத்தான் பொறியைத் தூக்கிக்கொண்டு நாடு விட்டு நாடு போவேன். எஞ்சினியருக்கு எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டார்.

எஞ்சினியர் வீட்டில், மங்கோலியர் வந்து நாட்டையே எரித்தபோது ஹங்கேரி ராஜா புத்திசாலித்தனமாக ஒரு தீவுக்குப் பின்வாங்கினார். அடுத்த வீட்டில் அதே ராஜா ஓட்டம் பிடித்தார். இங்கே துருக்கியருடன் நடந்த போரில் இளம் ராஜா வீரமரணம் அடைந்தார். அங்கே அவர் தப்பி ஓடும்போது ஓர் ஓடையில் விழுந்து மூழ்கினார். இங்கே, துருக்கியர் நூற்றைம்பது வருடம் தலைநகரைப் பிடித்து வைத்திருந்தபோது ஹங்கேரியின் கிரீடம் போஜோனியில் பெருமையோடு பாதுகாக்கப்பட்டது. அங்கே, "நூற்றைம்பது வருடம் எங்கள் ஊரில் விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கிளம்பும்போது இது எங்கள் வீடு என்றார்கள்."

அந்தக் கிரீடத்தின் உச்சியில் இருக்கும் சிலுவை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். எஞ்சினியர் அதைப் பற்றிச் சொல்லும்போது கண் கலங்கினார். தேசத்தின் துயரம் அந்தச் சாய்வில் இருக்கிறது என்றார். மறுநாள் சப்பாத்துக்காரரிடம் அதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது, ஆனால் அப்போது எனக்கு இரண்டு வீட்டிலும் நெருப்பு மூட்டுவதில் ஒரு ருசி வந்துவிட்டது.

"துயரமுமில்லை, தூக்கமுமில்லை," என்றார் அவர். "எவனோ பெட்டி மூடியை அவசரமாகச் சாத்தியிருக்கிறான். கோணிக்கொண்டது. சப்பாத்துப் பெட்டியில் தினம் நடப்பதுதான்."

ஒரே ஊருக்கு மூன்று பெயர் அடிப்பதுதான் எனக்குப் பெரிய சுசாவாக, தலைவலியாக இருந்தது. ஹங்கேரியர் ஒரு பெயர், ஸ்லோவாக்கியர் ஒரு பெயர், ஜெர்மானியருக்குப் பிரெஸ்பர்க். ஆனால் குழப்பம் வரவில்லை. எங்கள் தோட்டத்துக்கே பலகையில் ஒரு ஸ்கொட்லாந்து ஊரின் பெயர் இருந்தது, சீனர்கள் பழைய பங்களாவை வைத்து ஒன்று சொன்னார்கள், நாங்கள் பாலத்துத் தோட்டம் என்போம். மூன்று பெயர் இருந்தாலும் அட்டை ஒரே மாதிரிதான் கடிக்கும்.

ஆறு மாதத்தில் ஹங்கேரி ஆயிரம் வருடத்தைக் கடந்து, போன நூற்றாண்டின் கடைசிக்கு வந்து சேர்ந்தது. அப்போது ஒரு வியாழக்கிழமை சப்பாத்துக்காரர் வழக்கத்துக்கு மாறாக உட்கார்ந்துகொண்டு பேசினார். அவர் சிறுவனாக இருந்தபோது அந்தப் பகுதி இன்னும் ஹங்கேரி ராஜ்யத்தில் இருந்தது. பள்ளியில் ஹங்கேரிய மொழி மட்டும்தான். இடைவேளையில் தம்பியிடம், பசிக்கிறது என்று வீட்டு மொழியில் சொல்லிவிட்டார். வாத்தியார் அவர் கழுத்தில், இவன் ஸ்லோவாக் பேசியவன் என்று எழுதிய ஒரு மரப்பலகையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். அதோடு தெரு வழியாக வீட்டுக்கு நடக்க வேண்டும். அவர் அம்மா பலகையைப் பார்த்துவிட்டு, படிக்கத் தெரியாததால், பரிசு கொடுத்திருக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் காட்டினாராம்.

என் விரல் பொத்தான்மேல் இருந்தது.

"இதை அடிக்காதே," என்றார். "இது வரலாறு இல்லை. என்னுடைய விஷயம்."

நான் அடிக்கவில்லை. ஆனால் ஈப்போவில் நான் படித்த ஆங்கிலப் பள்ளியில், தமிழில் பேசியதற்காக என்னைப் பெஞ்சு மேல் ஏற்றி அரை நாள் நிறுத்தினார்கள். பாவாடையைக் காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. அன்று முழுக்க வேறெதுவும் ஞாபகம் வரவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எஞ்சினியர் அறைக்குள் நடந்துகொண்டே சொன்னார். "நாங்கள் அந்த மலைக்கிராமங்களுக்கெல்லாம் பள்ளிக்கூடம் கொண்டுபோனோம். கல்வி கொடுத்தோம். முற்றுப்புள்ளி."

முற்றுப்புள்ளி வைத்தேன். பிறகு அவர் தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரத்தில் என் விரல்கள் தாமாக இன்னொரு வரி அடித்தன. அப்பள்ளிகளில் தாய்மொழி பேசிய குழந்தைகளின் கழுத்தில் பலகை மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள், அதைப் பரிசென்று நினைத்த தாய்மாரும் உண்டு. அடித்துவிட்டுத் தாளை மற்றத் தாள்களுக்கு நடுவே செருகி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை நான் போகும்போதே எஞ்சினியர் வாசலில் நின்றார், கையில் அந்தத் தாள்.

"இதை யார் எழுதியது?"

"நான்தான் சார்."

"உனக்கு யார் சொன்னது?"

என் கண் தானாகப் பக்கத்து வீட்டுப் பக்கம் போனது. அவர் தாளை ஆட்டிக்கொண்டு செம்பருத்தி வேலிக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். அக்கா சமையலறையிலிருந்து கீரைக்கட்டோடு வெளியே வந்தார்.

"வெளியே வா! உன் கதையை என் புத்தகத்தில் திருட்டுத்தனமாக நுழைத்திருக்கிறாய்!"

சப்பாத்துக்காரர் பனியனோடு வந்தார். தாளை வாங்கிக் கண்ணருகே வைத்துப் படித்தார். படித்துவிட்டு எஞ்சினியரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். முதல்முறையாகக் காலைப் பார்க்காமல் நேராக முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு எஞ்சினியர் என்னை அறைந்திருந்தாலே பரவாயில்லை.

"பொய் என்று சொல்," என்று எஞ்சினியர் கத்தினார். "எங்கள் வாத்தியார்கள் அப்படிச் செய்யவில்லை என்று சொல்!"

சப்பாத்துக்காரர் கையை இரண்டு பக்கமும் ஒட்டி நிமிர்ந்து நின்றார், வகுப்பில் எழுந்து நிற்கிற பிள்ளையைப் போல. வாயைத் திறந்து ஏதோ சொன்னார். ஆங்கிலம் இல்லை. ஒப்பிப்பது போல, ஒரே மூச்சில், நீளமாக. எஞ்சினியரின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. தன் மொழியைத் தன் ஊர்ப் பேச்சில் ஒருவர் நேருக்கு நேர் பேசி அவர் கேட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அது, பள்ளிக்கூடத்தில் இனி என் வீட்டு மொழியைப் பேசமாட்டேன் என்று வாத்தியார் அவரை ஹங்கேரிய மொழியில் நூறு முறை எழுதவைத்த வாக்கியம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"என்னடி பாச அது?" என்று அக்கா என் காதில் கேட்டார்.

"தெரியலக்கா. சாரோட பாசனு நெனக்கிறேன்."

"அந்தாளுக்கு எப்படித் தெரியும்?"

எஞ்சினியர் தொண்டையைச் செருமினார். பிறகு அவரும் பேசினார், தட்டுத்தடுமாறி, மெதுவாக. இப்போது வாய் பிளந்தது சப்பாத்துக்காரர். ஏனென்றால் அது ஸ்லோவாக் மொழி. முதல் யுத்தத்துக்குப் பிறகு அந்த ஊர் ஹங்கேரியின் கையை விட்டுப் போனது. நாட்டில் மூன்றில் இரண்டு பங்கே போனது. அதற்கப்புறம் பிறந்த எஞ்சினியர் தன் ஊரிலேயே அந்நியனாகப் பள்ளிக்குப் போய், அந்த மொழியை மற்ற பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்கப் படித்திருக்கிறார். இரண்டாவது யுத்தம் முடிந்ததும் அவர் குடும்பத்தை அடுப்பு, அலமாரி, அம்மா, எல்லாவற்றோடும் சரக்கு ரயிலில் ஏற்றி ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹங்கேரிக்குள் தள்ளிவிட்டார்கள். அவர் அப்போது சொன்னது, ரயிலில் ஏற்றிய அதிகாரியிடம் அவர் அம்மா கெஞ்சிய வாக்கியமாம். அம்மாவுக்கு அந்த மொழி தெரியாது. மகன் சொல்லிக்கொடுத்து, அம்மா திருப்பிச் சொல்லியிருக்கிறார். அப்படியும் ஏற்றிவிட்டார்கள்.

செம்பருத்தியில் எறும்பு ஊர்வதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் வாய் திறந்தது எஞ்சினியர்தான், ஆங்கிலத்தில். "உன் உச்சரிப்பு கேவலம்."

"உன் இலக்கணம் அதைவிடக் கேவலம்," என்றார் சப்பாத்துக்காரர். "வேற்றுமை எல்லாம் தப்பு."

"எங்கே தப்பு?"

"இங்கே வா, சொல்கிறேன்."

எஞ்சினியர் அந்த ஆறடி உடம்பை மடக்கிக்கொண்டு நாய் நுழைகிற ஓட்டை வழியாகப் போனார். சட்டை கிழிந்தது. மத்தியானம் வரை வரவில்லை. அக்கா கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "பதினோரு வருசம் ரெண்டு கெழவனும் இங்கிலீசுல திட்டிக்கிட்டுக் கெடந்தானுங்க. நல்ல நல்ல கெட்ட வார்த்தையெல்லாம் வீணாப் போச்சு."

மறுநாள் செவ்வாய்க்கிழமை நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். சப்பாத்துக்காரர் என்னை வெகுநேரம் நிற்கவைத்தார்.

"வேண்டாம் என்று சொன்னேன் இல்லையா?"

"சொன்னீங்க சார்."

"பிறகு?"

பெஞ்சு மேல் நின்ற கதையைச் சொல்லலாம் என்று நினைத்தேன், ஆனால் அது சாக்கு மாதிரித் தோன்றியது. "தப்புதான் சார்," என்றேன். "ஆனா அந்த வரி பொய் இல்ல."

"பொய் இல்லை," என்றார். "திருட்டு." கதவைச் சாத்தினார். அவர் என்னிடம் மறுபடி பேச அடுத்த கிறிஸ்துமஸ் ஆனது. அன்று மாதா கோயில் வாசலில் என் பிள்ளைகளின் காலைப் பார்த்து அளவு சொன்னார். மன்னித்தாரா என்று கேட்டால், தெரியாது. அளவு சரியாக இருந்தது.

எஞ்சினியர் வீட்டிலும் வேலை நின்றுபோனது. இனி எதற்கு எழுத வேண்டும்? இருவரும் தினமும் காலையில் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆயிரம் வருடத்துக்கும் நேரிலேயே சண்டை போட்டார்கள். இவர் அவர் மொழியிலும் அவர் இவர் மொழியிலும். தப்பாகப் பேசினால் திருத்திவிட்டு, பிறகு திட்டினார்கள். நான் அடித்த வரலாறு முதல் உலக யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. என் பிரதியைப் பொறுத்தவரை யுத்தமே வரவில்லை, எல்லோரும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

"ரெண்டு பேரையும் சேத்து வச்சே. ஒனக்கு வேல போச்சு," என்று என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பொறியை லோரியிலிருந்து இறக்க உதவவில்லை.

எண்பத்துநாலில் சப்பாத்துக்காரர் இறந்துபோனார். தூக்கத்திலேயே. சொந்தம் யாரும் இல்லாததால் எல்லாவற்றையும் எஞ்சினியர்தான் செய்தார். கல்லறைக்குப் பளிங்கு பார்க்க என் வீட்டுக்காரரோடு சிம்பாங் பூலாய் போனார். கல் வெட்டுகிற பட்டறையின் முதலாளியான சீனத் தவுக்கேயிடம் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். ஸ்லோவாக்கில் சில எழுத்துகளின் தலையில் சின்னக் கொக்கி போல ஒரு குறி உண்டு. கல் வந்தபோது அந்தக் கொக்கி இல்லை.

"அது பேனா மை சிந்துனதுன்னு நெனச்சேன்," என்றார் தவுக்கே.

எஞ்சினியர் கல்லைத் திருப்பி அனுப்பினார். இரண்டாவது முறை கொக்கி வந்தது, தலைகீழாக. அதையும் திருப்பி அனுப்பினார். கொக்கி இல்லையென்றால் அந்தப் பெயரை எப்படித் தப்பாகப் படிப்பார்கள் என்று தவுக்கேயிடம் அரை மணி நேரம் விளக்கினார். தவுக்கேக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்றாவது முறை சரியாக வந்ததை எஞ்சினியர் ஒரு விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இவன் இருந்திருந்தால் இதிலும் ஒரு தப்பு கண்டுபிடித்திருப்பான்," என்றார்.

அதற்குப் பிறகுதான் அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சாப்பிட மாட்டேங்கிறாரு தங்கச்சி. சும்மா வேலியவே பாத்துக்கிட்டு உக்காந்துருக்காரு. நீ மெசினத் தூக்கிட்டு வா லா. பழையபடி எதையாச்சும் எழுதட்டும்."

போனேன். தாளைச் செருகிவிட்டுக் காத்திருந்தேன். எஞ்சினியர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. மீசையில் பாதி நரைத்துப் போயிருந்தது.

"யாரை எதிர்த்து எழுதுவது?" என்று கேட்டார்.

வெற்றுத் தாளோடு வீட்டுக்கு வந்தேன். அந்த முறைதான் பொறி உண்மையிலேயே கனத்தது.

மூன்று மாதம் பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. பிறகு ஒரு தமிழர் குடிவந்தார். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியோடு வந்திருந்தார். மேசை நாற்காலியைவிடப் புத்தக மூட்டைகள்தான் அதிகம் இறங்கின. வந்த இரண்டாம் நாள் வேலியோரம் நின்று, "தொர எந்த நாடு?" என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார். ஹங்கேரி என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டதாம்.

"அப்பாவுக்கு ஒங்க பாசையில என்னன்னு தொரயக் கேளுங்க."

அக்கா கேட்டுச் சொன்னார். "அப்பா."

"அதேதான்! அம்மாவுக்கு?"

"அன்யா."

"அன்னை! நான் சொல்லல?" என்று கையைத் தட்டினாராம். "இவங்கல்லாம் நம்ம ஆளுங்க. ஆதியில வடக்க போன தமிழங்க. போன எடத்துல குளுரு தாங்காம வெள்ளையாயிட்டாங்க."

இதை அக்கா மொழிபெயர்த்தபோது நான் அங்கே இல்லை. ஆனால் எஞ்சினியரின் குரல் பாசார் வரை கேட்டது என்று கீரைக்காரம்மா சொன்னார். அன்று மத்தியானமே அக்காவிடமிருந்து ஆள் வந்தது, உடனே வரச்சொல்லி.

நான் போகும்போது எஞ்சினியர் நின்றுகொண்டிருந்தார். மேசையில் தின்று முடித்த இரண்டு தட்டு. அக்கா மூன்றாவது தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"ஒக்காரு, ஒக்காரு. இன்னிக்குத்தான் ஒழுங்கா சாப்புடுறாரு. அந்தத் தமிழாளு நல்லா இருக்கணும்."

எஞ்சினியர் நான் தாளைச் செருகும்வரைகூடப் பொறுக்கவில்லை. "தலைப்பு," என்றார். "ஹங்கேரியர்கள் தமிழர்கள் அல்லர். முற்றுப்புள்ளி. கீழே இரண்டு கோடு போடு."

அந்தப் புத்தகம் அறுபத்திரண்டு பக்கம் வரை போனது. பக்கத்து வீட்டுக்காரர் பதிலுக்குத் தமிழிலேயே எண்பது பக்கம் கையால் எழுதினார். அதை ஆங்கிலத்தில் சொல்லும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. இந்த முறை யாருடைய வரியிலும் நான் கை வைக்கவில்லை, வைக்கத் தேவையும் இருக்கவில்லை. அடுத்த வருடம் ஈயத்தின் விலை விழுந்து, கப்பல்கள் ஒவ்வொன்றாகக் குளத்திலேயே நின்றுபோயின. தெரிந்தவர்கள் எல்லாம் ஊரைவிட்டுக் கிளம்ப ஆரம்பித்தார்கள். எஞ்சினியரையும் அக்காவையும் அவர்கள் மகள் ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துக்கொண்டாள்.

புறப்பட்ட அன்று நானும் வீட்டுக்காரரும் வழியனுப்பப் போயிருந்தோம். பெட்டிகளை ஏற்றிவிட்டு டாக்சிக்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். அக்கா உள்ளே உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எஞ்சினியர் மட்டும் இன்னும் வேலியோரத்தில் நின்றார். ரயில்வேக்காரர், எண்களுக்கு ஹங்கேரியில் என்ன சொல்வீர்கள், ஒன்றிலிருந்து பத்துவரை சொல்லுங்கள் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பிடிவாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எஞ்சினியர் விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். ஏழு வரை ஒன்றுகூடப் பொருந்தவில்லை. எட்டில் ஏதோ பொருந்துகிற மாதிரி இருக்கிறது என்று ரயில்வேக்காரர் ஆரம்பித்தார். டாக்சிக்காரர் இறங்கிப்போய் எஞ்சினியரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.